எலும்புக்குப் பரவியிருக்கிறதா? சேலத்திலிருந்து எந்த ஸ்கேனுக்குப் போவது

மருத்துவர் கொடுத்த சீட்டில் "போன் ஸ்கேன்", அதாவது எலும்பு ஸ்கேன், என்று எழுதியிருக்கும். வீடு வந்து சேர்வதற்குள் யாராவது ஒருவர், "அதெல்லாம் பழசுங்க, பெட் ஸ்கேன் எடுத்துடுங்க, எல்லாம் தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிடுவார். பணத்தைப் புரட்டி, பெங்களூருக்கோ கோவைக்கோ வண்டி பிடித்துப் போய்வந்த பிறகு, மருத்துவர் கேட்ட கேள்விக்கு அந்தப் படத்தில் பதில் இல்லாமலும் போகலாம். எலும்புக்குப் பரவிய புற்றுநோயைக் கதிரியக்க மருந்து செலுத்திப் பார்க்கும் வழிகள், போன் ஸ்கேன், பெட் ஸ்கேன் வகைகள் எனப் பல இருக்கின்றன. ஒவ்வொரு மருந்தும் எலும்பில் வெவ்வேறு விஷயத்தைத் தேடிப் போகிறது. அதனால் புற்றுநோய் எந்த உறுப்பில் தொடங்கியது, இப்போது எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற இரண்டையும் வைத்துத்தான் ஸ்கேனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலையையும் புதுமையையும் வைத்துத் தேர்ந்தெடுத்தால் தவறிவிடும்.

அதற்கும் முன்னால் ஒன்று. புற்றுநோய் உள்ளவருக்கு முதுகுவலியோடு கால் பலம் குறைகிறது, நடை தள்ளாடுகிறது, தொடையிடுக்கு மரத்துப்போகிறது, சிறுநீர் வரவில்லை அல்லது அடக்க முடியவில்லை என்றால், கீழே உள்ள ஒப்பீடு எதுவும் வேண்டாம். தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கிறது என்று எண்ணிச் செயல்பட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் முழு முதுகெலும்புக்கும் எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். நடக்க முடிகிற நிலையிலேயே சிகிச்சை தொடங்கியவர்கள்தான் பெரும்பாலும் தொடர்ந்து நடக்கிறார்கள். கால் விழுந்த பிறகு தொடங்கினால் திரும்ப எழுவது மிகக் கடினம். அடுத்த வாரத்துக்குப் போன் ஸ்கேன் நாள் வாங்கிக் காத்திருப்பது இந்த இடத்தில் பெரிய தவறு. ஏற்காட்டிலிருந்து வருகிறவர் என்றால் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ் சீட்டில் குலுங்கியபடி இறங்க வேண்டாம். 108-ஐ அழைத்து, படுத்த நிலையிலேயே வாருங்கள்.

போன் ஸ்கேன் என்ன பார்க்கிறது

இந்த ஸ்கேனுக்குப் போடும் ஊசியில் டெக்னீஷியம்-99எம் என்ற கதிரியக்கத் தனிமம், எம்டிபி என்ற பாஸ்பேட் சேர்மத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. டெக்னீஷியத்தோடு பாஸ்பேட் சேர்மத்தைப் பிணைத்து எலும்பைப் படம் பிடிக்கலாம் என்று ஜி. சுப்பிரமணியனும் ஜே. ஜி. மக்காஃபியும் 1971-இல் எழுதினார்கள். இன்று உலகெங்கும் போடப்படும் எம்டிபியைச் சுப்பிரமணியனின் குழு 1975-இல் அறிமுகப்படுத்தியது. ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அது நிலைத்திருப்பதற்குக் காரணம் எளிது. விலை குறைவு, உடல் முழுவதையும் ஒரே தடவையில் பார்க்கலாம், கதிரியக்க அளவும் மிதமானது.

எம்டிபி புற்றுநோய்ச் செல்லுக்குள் போவதில்லை. இரத்த ஓட்டம் எங்கே அதிகமோ, எங்கே புது எலும்பு படிந்துகொண்டிருக்கிறதோ, அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. புற்றுநோய் வந்து உட்கார்ந்ததும், சுற்றியுள்ள எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ளப் பார்க்கிறது. அந்த வேலையைத்தான் படம் காட்டுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் போன் ஸ்கேனின் பலமும் பலவீனமும் தானே விளங்கும். சாதாரண எக்ஸ்ரேயில் ஓர் இடம் கண்ணுக்குத் தெரிய அங்குள்ள சுண்ணாம்புச் சத்து 30 முதல் 50 சதவீதம் வரை கரைந்திருக்க வேண்டும். போன் ஸ்கேன் அதற்கு வெகு முன்பே காட்டிவிடும். ஆனால் பழைய எலும்பு முறிவும், மூட்டுத் தேய்மானமும், பல் பிடுங்கிய தாடையும்கூடப் புது எலும்பு படியும் இடங்கள்தான். அவையும் கறுப்பாகத் தெரியும். எலும்பை அரித்துத் தின்றுவிட்டு, பழுதுபார்க்கும் வேலைக்கே இடம் கொடுக்காத புற்றுநோய் என்றால் ஸ்கேன் வெறுமையாக வரும். மஜ்ஜையில் தொடங்கும் புற்றுநோயான மல்டிபிள் மைலோமாவில் இப்படித்தான் ஆகிறது. சிறுநீரகப் புற்றுநோயிலும் தைராய்டு புற்றுநோயிலும் பல நேரம் இப்படி ஆகிறது. மஜ்ஜைக்குள் மட்டும் பரவியிருந்தாலும் தெரியாது.

அளவுகளைச் சொல்லிவிடுகிறோம். பெரியவர்களுக்கு 20 முதல் 25 மில்லிக்யூரி (ஊசியில் உள்ள கதிரியக்கத்தின் அளவு) நரம்பில் போடுவார்கள். போட்ட 2 முதல் 4 மணி நேரத்தில் ஏறக்குறைய பாதி எலும்பில் படிந்துவிடும், மீதி சிறுநீரில் போகும். வயிற்றைக் காயப்போட வேண்டியதில்லை. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டே வரலாம், வழக்கமான மாத்திரைகளையும் போடலாம். ஊசிக்கும் படத்துக்கும் நடுவில் ஒன்று, ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ இருப்பவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். கேமரா மேசையில் படுத்திருப்பது 20 முதல் 40 நிமிடம். உடலுக்குக் கிடைக்கும் கதிரியக்கத்தை மில்லிசீவர்ட்டில் அளப்பார்கள்; இதில் அது ஏறக்குறைய 4 மில்லிசீவர்ட். இயற்கையிலிருந்தே ஒருவருக்கு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

படம் கெடுவது பெரும்பாலும் சின்னச் சின்னக் காரணங்களால்தான். ஊசி நரம்பைவிட்டு வெளியே கசிந்தால் அந்தக் கையில் ஒரு பெரிய கறைபோலத் தெரியும், அக்குள் நெறிக்கட்டியும் கறுத்துக் காட்டும். மார்பகப் புற்றுநோய் உள்ளவருக்கு இது நோய் பரவியதைப் போலவே தோன்றிவிடும். அதனால் நோய் இல்லாத பக்கத்துக் கையில்தான் ஊசி போட வேண்டும். சிறுநீர் ஒரு சொட்டு வேட்டியிலோ பாவாடையிலோ பட்டிருந்தால், இடுப்பெலும்பில் புள்ளி விழுந்ததுபோல் வரும். துணியை மாற்றி, தோலைக் கழுவிவிட்டு மறுபடி எடுத்தால் புள்ளி மறைந்துவிடும். சேலத்துக்காரர்களுக்கு ஒன்று தனியாகச் சொல்ல வேண்டும். கனமான வெள்ளிக் கொலுசு, அரைஞாண் கொடி, தாலிச்சரடு, பெல்ட் பக்கிள் எல்லாம் கதிரை மறைத்து வெள்ளை ஓட்டையாகத் தெரியும். அரித்த எலும்பும் சில நேரம் அப்படித்தான் தெரியும். வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவது நல்லது.

மருந்து தயாரிப்பிலும் தவறு நேரலாம். எம்டிபி குப்பிக்குள் காற்று புகுந்துவிட்டால் அதிலுள்ள வெள்ளீய உப்பு ஆக்ஸிஜனேற்றம் அடைந்துவிடும். டெக்னீஷியம் எம்டிபியோடு பிணையாமல் தனியாகச் சுற்றும். அன்றைக்குத் தைராய்டு, உமிழ்நீர்ச் சுரப்பி, இரைப்பை எல்லாம் படத்தில் தெரியும், எலும்பு மங்கலாக இருக்கும். கழுத்தும் இரைப்பையும் பளிச்சென்று தெரிகிற போன் ஸ்கேனை வைத்துக்கொண்டு "பரவவில்லை" என்று யாரும் நிம்மதி அடையக் கூடாது. திரும்ப எடுக்கச் சொல்வதுதான் சரி.

ஒரே ஒரு புள்ளி தெரிந்தால்

குடும்பங்கள் அதிகம் கலங்குவது இந்த இடத்தில்தான். ரிப்போர்ட்டில் "ஒரு விலா எலும்பில் அதிகப் படிவு" என்று இருக்கும். அதைப் படித்ததும் நான்காம் நிலை என்று முடிவு கட்டிவிடுவார்கள். தனியாக ஒரே ஒரு விலாவில் வரும் புள்ளி பெரும்பாலும் பழைய அடியாகவோ இருமலில் விழுந்த கீறலாகவோதான் இருக்கும். அடுத்தடுத்த விலாக்களில் மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் மூன்று நான்கு புள்ளிகள் என்றால், எங்கேயோ விழுந்திருக்கிறார் என்று பொருள். விலாவின் நீளவாக்கில் இழுத்துவிட்டதுபோலப் படிந்திருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். முறிவின் தடம் ஓராண்டு, ஈராண்டுகூட ஸ்கேனில் நிற்கும். எஸ்டேட்டில் வழுக்கி விழுந்தது, பைக்கிலிருந்து சாய்ந்தது, மாடு முட்டியது என எதுவாக இருந்தாலும் ஊசி போடும்போதே சொல்லிவிடுங்கள். படம் படிப்பவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

முதுகெலும்பில் புள்ளி வந்தால் அது எலும்பின் எந்த மூலையில் இருக்கிறது என்பதே பாதி விடை. பின்பக்கத்துச் சிறு மூட்டுகளிலும், எலும்பின் ஓரத்தில் கொக்கிபோல் வளர்ந்த இடத்திலும் இருந்தால் தேய்மானம். உடல் பகுதியையும் பின் வளையத்தையும் இணைக்கும் காம்புப் பகுதியில், பெடிக்கிள் என்று சொல்வார்களே, அங்கே இருந்தால் பரவல் என்ற சந்தேகம் வலுக்கிறது. முன்னும் பின்னுமாக எடுக்கும் தட்டையான படத்தில் இந்த வேறுபாடு தெரியாது. இதற்குத்தான் ஸ்பெக்ட்-சிடி. அதே ஊசியில், அதே மேசையில், சந்தேகமான பகுதியை மட்டும் முப்பரிமாணத்தில் எடுத்துச் சிடி படத்தின்மீது பொருத்திப் பார்ப்பார்கள். கூடுதலாக 15, 20 நிமிடம்தான் ஆகும். ஆகவே மையத்தைத் தொலைபேசியில் அழைக்கும்போது "போன் ஸ்கேன் இருக்கிறதா" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "சந்தேகம் வந்தால் அன்றைக்கே ஸ்பெக்ட்-சிடி எடுப்பீர்களா" என்று கேளுங்கள். எங்கள் கணிப்பில், ஸ்பெக்ட்-சிடி இல்லாத இடத்தில் நூறு இருநூறு ரூபாய் குறைவாக எடுப்பதைவிட, அது இருக்கிற இடத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகப் பயணம் செய்வது மேல்.

நம் தண்ணீர் செய்யும் குழப்பம்

சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் 1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரநிலை. இது ஒரு லிட்டருக்கான கணக்கு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு என்று சேர்த்திருக்கிறார்கள் என்றால் பிரச்சினையின் அளவைப் புரிந்துகொள்ளலாம். பல பத்தாண்டுகள் அந்தத் தண்ணீரைக் குடித்தவருக்கு எலும்பு அடர்ந்து, கெட்டிப்பட்டு, தசைநாரெல்லாம் எலும்பாகத் தொடங்கியிருக்கும். அந்த எலும்பு எம்டிபியை வாரி இழுத்துக்கொள்ளும்.

ஓமலூர்ப் பக்கத்து 70 வயது விவசாயி ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ப்ராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) நோயைக் காட்டும் இரத்த அளவான பிஎஸ்ஏ கூடியிருக்கிறது, முதுகு விறைத்திருக்கிறது. எக்ஸ்ரேயில் முள்ளெலும்புகள் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. போன் ஸ்கேனில் எலும்புக்கூடு முழுவதும் கறுத்து, சிறுநீரகமே தெரியவில்லை. மருந்தை எலும்பே முழுக்க எடுத்துக்கொண்டதால் சிறுநீரகத்துக்கு மிச்சமில்லை. இதைச் சூப்பர் ஸ்கேன் என்பார்கள். ப்ராஸ்டேட் புற்றுநோய் எலும்பெங்கும் பரவினாலும் இதே தோற்றம்தான். எப்படிப் பிரிப்பது? பரவல் என்றால் முதுகெலும்பிலும் இடுப்பிலும் விலாவிலும் திட்டுத் திட்டாக, ஏற்ற இறக்கத்தோடு இருக்கும். ஃபுளோரோசிஸ் போன்ற வளர்சிதைக் கோளாறு என்றால் மண்டையோட்டிலிருந்து முழங்கால் கணுக்கால் வரை சீராகப் பூசியதுபோல் இருக்கும். இன்னொரு நல்ல தடயம் முன்கையில் இருக்கிறது. முன்கையின் இரண்டு எலும்புகளுக்கும் நடுவே உள்ள சவ்வு சுண்ணாம்பு படிந்து, எக்ஸ்ரேயில் முள்முள்ளாகத் தெரிந்தால் அது ஃபுளோரோசிஸின் அடையாளம். ஒரு சாதாரண எக்ஸ்ரேயில் முடிந்துவிடுகிற எளிய சோதனை இது. ஆனால் பல்லில் காவிப் பட்டை இருக்கிறதா, எந்த ஊர்த் தண்ணீர் குடித்தார் என்று யாராவது கேட்டால்தான் அந்த எக்ஸ்ரே எடுக்கத் தோன்றும். வெளியூர் மையத்தில் படம் படிப்பவருக்கு நம் ஊர்த் தண்ணீர் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். ஃபுளோரோசிஸ் இருப்பதால் புற்றுநோய் இல்லை என்றும் ஆகிவிடாது. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அப்படிப்பட்டவருக்குப் போன் ஸ்கேனைவிட, பின்னால் சொல்லப்போகும் பிஎஸ்எம்ஏ பெட் அல்லது எம்ஆர்ஐ தெளிவான விடை தரும்.

சோடியம் ஃபுளோரைடு பெட் என்று ஒன்று இருக்கிறது. ஊசியில் இருப்பது கதிரியக்க ஃபுளோரைடு. அது எலும்பின் தாதுவுக்குள்ளேயே புகுந்து உட்காரும். படம் போன் ஸ்கேனைவிடக் கூர்மை, ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம், பட்டினியும் வேண்டாம். ஊசியில் உள்ள ஃபுளோரைடு மிக மிக நுண்ணிய அளவு என்பதால் அதனால் கெடுதல் இல்லை. ஆனால் இதுவும் புற்றுநோயைத் தேடாமல் எலும்பின் வேலையையே தேடுவதால், தேய்மானத்தை இன்னும் பளிச்சென்று காட்டும். வயதானவர்களுக்குக் குழப்பம் குறையாது. எங்கள் பார்வையில் இதற்காகத் தனியாக வெளியூர் போக வேண்டியதில்லை.

எஃப்டிஜி பெட்-சிடி

எஃப்டிஜி என்பது சர்க்கரையைப் போன்ற கதிரியக்க மருந்து. சர்க்கரையை அதிகம் தின்னும் செல்லுக்குள் நேராகப் போகிறது. அதனால் எலும்பை அரிக்கும் வகைப் பரவலையும், மஜ்ஜைக்குள் மட்டும் இருக்கிற பரவலையும் போன் ஸ்கேனைவிட முன்னால் காட்டும். நுரையீரல் புற்றுநோய், லிம்ஃபோமா (நெறிக்கட்டிப் புற்றுநோய்), மைலோமா ஆகியவற்றுக்கு எலும்பையும் மற்ற உறுப்புகளையும் இதுவே சேர்த்துப் பார்த்துவிடும். நுரையீரல் புற்றுநோய்க்கு எஃப்டிஜி பெட் எடுத்தாயிற்று என்றால் தனியாகப் போன் ஸ்கேன் தேவையில்லை. யாராவது இரண்டையும் எழுதிக் கொடுத்தால் காரணம் கேளுங்கள்.

ப்ராஸ்டேட்டுக்கு இது பொதுவாகச் சரிவராது. பெரும்பாலான ப்ராஸ்டேட் புற்றுநோய்கள் சர்க்கரையை அவ்வளவாக எடுப்பதில்லை. மார்பகப் புற்றுநோயில் லோபுலர் (பால் சுரக்கும் பகுதியில் தொடங்கும்) வகைக்கும், எலும்பைக் கெட்டியாக்கும் பரவலுக்கும் எஃப்டிஜி மங்கலாகவே வரும். இன்னொரு பெரிய குழப்பம் காசநோய். முதுகெலும்புக் காசநோய் எஃப்டிஜியில் புற்றுநோயைப் போலவே எரிந்து காட்டும். புற்றுநோய் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்கும் முதுகெலும்பில் புதிதாக ஒரே ஒரு இடம் தெரிந்தால், சிகிச்சையை மாற்றும் முன் ஊசி வழியே சதை எடுத்துப் பரிசோதிப்பது வீண் செலவு ஆகாது. இரண்டு முள்ளெலும்புகளும் நடுவில் உள்ள வட்டும் சேர்ந்து கெட்டிருந்தால் காசநோயின் சாயல் அதிகம். புற்றுநோய் பெரும்பாலும் வட்டை விட்டுவைக்கும்.

இந்த ஸ்கேனுக்கு ஆயத்தம் கறாரானது. 4 முதல் 6 மணி நேரம் பட்டினி. வெறும் தண்ணீர் குடிக்கலாம். காபி, டீ, இளநீர், மிட்டாய், இருமல் டானிக் எதுவும் கூடாது. வார்டிலிருந்து நேராக வருகிறவருக்குக் குளுக்கோஸ் டிரிப் ஓடிக்கொண்டிருந்தால் படம் பாழ். இரத்தச் சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் தேதியை மாற்றுவார்கள். அதைக் குறைக்க வந்த இடத்தில் இன்சுலின் போட்டுவிட்டு உடனே ஸ்கேன் எடுத்தால் மருந்து முழுவதும் தசைக்குள் போய்விடும். விரைவில் வேலைசெய்யும் இன்சுலினுக்கும் எஃப்டிஜி ஊசிக்கும் நடுவில் குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். முந்தின நாள் கடும் உடலுழைப்பு கூடாது. சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறித்துக் கூடை சுமந்துவிட்டு மறுநாள் காலை வந்தால், தோளும் தொடையும்தான் படத்தில் ஒளிரும். இன்னொன்று குளிர். மார்கழி விடியற்காலையில் ஸ்வெட்டர் இல்லாமல் ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வந்தால், கழுத்திலும் முதுகுத்தண்டின் இரு பக்கமும் உள்ள பழுப்புக் கொழுப்பு உடலைச் சூடேற்றச் சர்க்கரையை எரிக்கத் தொடங்கிவிடும். ஒல்லியான இளம் பெண்களுக்கு இது அதிகம். கம்பளி போர்த்திக்கொண்டு வாருங்கள்.

கீமோ நடுவில் வெள்ளணு கூட்டும் ஊசி போட்டிருந்தால், மஜ்ஜை முழுவதும் விழித்துக்கொண்டு எல்லா முள்ளெலும்பும் ஒளிரும். அதற்குள் சின்னப் பரவல் ஒளிந்துகொள்ளும். ஊசி போட்ட தேதியைச் சொல்லுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் தள்ளிவைப்பார்கள். கதிரியக்கம் மருந்திலிருந்து ஏறக்குறைய 7 மில்லிசீவர்ட், கூடவே சிடியின் பங்கு. கட்டணம் போன் ஸ்கேனைவிடப் பல மடங்கு.

ப்ராஸ்டேட்டுக்கு பிஎஸ்எம்ஏ

ப்ராஸ்டேட் செல்லின் மேல் இருக்கும் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தைத் தேடிப்போய் ஒட்டும் மருந்து இது. தீவிர வகை ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு அறுவையோ முழுமையான கதிர்வீச்சோ கொடுக்கும் முன் பரவல் இருக்கிறதா என்று பார்க்க, இன்று இதைவிட நல்ல ஸ்கேன் இல்லை என்பது எங்கள் கருத்து. ஆஸ்திரேலியாவில் 302 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. சிடியும் போன் ஸ்கேனும் சேர்ந்து 65 சதவீதம் சரியாகச் சொன்ன இடத்தில் பிஎஸ்எம்ஏ பெட் 92 சதவீதம் சரியாகச் சொன்னது. கதிரியக்கமும் பாதிக்கும் குறைவு.

இதிலும் ஒரு பள்ளம் உண்டு. பிஎஸ்எம்ஏ மருந்துகளில் காலியம்-68 வகை, ஃபுளோரின்-18 வகை என்று இரண்டு இருக்கின்றன. ஃபுளோரின் வகையில் 1007 என்று எண்ணிட்ட மருந்து, ஒன்றுமில்லாத விலா எலும்பிலும் மெல்லியதாகப் படியும் பழக்கம் உள்ளது. சிடியில் எந்த மாற்றமும் இல்லாமல் விலாவில் மங்கலாக ஒரு புள்ளி மட்டும் வந்தால், அதை வைத்து "பரவிவிட்டது, இனி ஆபரேஷன் வேண்டாம்" என்று முடிவெடுக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் எந்த மருந்து என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

பிஎஸ்ஏ ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் இருக்கிறது, எலும்பு வலி இருக்கிறது, ஹார்மோன் சிகிச்சை எப்படியும் தொடங்கப் போகிறார்கள் என்றால், சாதாரணப் போன் ஸ்கேனே போதும். அங்கே பிஎஸ்எம்ஏ இன்னும் பத்துப் புள்ளிகளைக் கூடுதலாகக் காட்டினாலும் மாத்திரை மாறப்போவதில்லை. அந்தப் பணத்தைப் பின்னால் லுடீசியம் சிகிச்சை (அந்தப் புரதத்தில் ஒட்டிப் புற்றுநோயை அழிக்கும் கதிரியக்க மருந்து) பற்றிப் பேச்சு வரும்போது செலவழிக்கலாம். அப்போது நோய் அந்தப் புரதத்தைத் தாங்கியிருக்கிறதா என்று பார்க்க பிஎஸ்எம்ஏ பெட் கட்டாயம். அதேபோல எலும்பு வலிக்கு சமாரியம் போன்ற கதிரியக்க ஊசி போட நினைத்தால், போன் ஸ்கேனில் வலிக்கிற இடம் கறுத்துத் தெரிந்தால்தான் ஊசி அங்கே போய்ச் சேரும்.

தூரம் ஒரு கணக்கு

மருந்து கிடைப்பதிலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. டெக்னீஷியம் மையத்திலேயே பிறக்கிறது. மாலிப்டினம்-99 அடைத்த ஈயப்பெட்டி, ஜெனரேட்டர், வாரத்துக்கு ஒன்று வரும்; தினமும் காலையில் உப்புநீரை ஓட்டி டெக்னீஷியத்தை எடுப்பார்கள். "பால் கறப்பது" என்றே அந்த வேலைக்குப் பெயர். மாலிப்டினம் 66 மணி நேரத்தில் பாதியாகும். அதனால் வாரக் கடைசியில் பால் குறையும், ஒரு நாளில் எடுக்கும் ஆட்களும் குறைவார்கள். பெட்டி வருவது தாமதமானால் அந்த வாரப் பட்டியலே தள்ளிப்போகும்.

எஃப்டிஜியிலும் ஃபுளோரைடிலும் உள்ள ஃபுளோரின்-18, அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் இருக்கும் ஊரிலிருந்து சாலை வழியே வர வேண்டும். அதன் அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகும் நேரம், 110 நிமிடம். பெங்களூரிலிருந்து சேலம் 200 கிலோமீட்டர்; பரிசோதனை, பொட்டலம் கட்டுதல், தொப்பூர்க் கணவாய் நெரிசல் எல்லாம் சேர்த்து 4 மணி நேரம் என்றால், கிளம்பியதில் 22 சதவீதம்தான் வந்து சேரும். ஊசியில் 10 மில்லிக்யூரி வேண்டுமானால் அங்கே 45 மில்லிக்யூரி ஏற்ற வேண்டும். அதனால்தான் பெட் மையத்தில் சொன்ன நேரத்துக்கு அரை மணி நேரம் பிந்தினால்கூட மருந்து கைவிட்டுப் போகிறது. போன் ஸ்கேனில் அந்த நெருக்கடி இல்லை. டெக்னீஷியத்துக்கு அரை ஆயுள் 6 மணி நேரம். மலையிலிருந்து வருகிறவர்கள் பெட்டுக்கு என்றால் முந்தின இரவே அடிவாரத்துக்கு வந்து தங்கிவிடுவது நல்லது.

எம்ஆர்ஐயின் இடம்

கதிரியக்கம் இல்லை. மஜ்ஜையை நேரடியாகப் பார்க்கும். தண்டுவடம் நசுங்குவதையும், ஸ்கேன்களுக்கு விடை தெரியாத ஒற்றைப் புள்ளியையும் தீர்க்க இதுவே சரி. முதுகெலும்பு முழுவதும் எடுக்க அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகும். பேஸ்மேக்கர் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். லேத்திலோ கிரைண்டிங் பட்டறையிலோ வேலை செய்தவர், கண்ணில் எப்போதாவது இரும்புத் தூள் தெறித்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்; காந்தம் அந்தத் துணுக்கை அசைத்தால் கண் போய்விடும். கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள்.

எந்த நோய்க்கு எதிலிருந்து தொடங்குவது

மார்பகப் புற்றுநோய் முதல் இரண்டு நிலைகளில் இருந்து, எலும்பு வலியும் இல்லை, எலும்பு பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் ஆல்கலைன் பாஸ்படேஸும் கூடவில்லை என்றால் எந்த எலும்பு ஸ்கேனும் வேண்டாம். தேவையில்லாமல் எடுத்தால் தேய்மானப் புள்ளி ஒன்று அகப்பட்டு, அதைத் துரத்திக்கொண்டு இரண்டு மாதம் அலைவதுதான் மிச்சம். மூன்றாம் நிலை, அல்லது வலி இருந்தால், சிடியோடு போன் ஸ்கேன் அல்லது எஃப்டிஜி பெட், இரண்டில் ஒன்று போதும். ப்ராஸ்டேட்டில் அபாயம் குறைந்த வகைக்கு ஸ்கேன் வேண்டாம். தீவிர வகைக்கு, வசதி இருந்தால் பிஎஸ்எம்ஏ, இல்லையென்றால் ஸ்பெக்ட்-சிடியோடு போன் ஸ்கேன். சிறுநீரகப் புற்றுநோயில் வலியுள்ள இடத்தைச் சிடியிலோ எம்ஆர்ஐயிலோ பாருங்கள். தைராய்டில் அயோடின் எடுக்கும் வகைக்கு அயோடின்-131 முழு உடல் ஸ்கேன். மைலோமாவுக்கு ஒருபோதும் போன் ஸ்கேன் வேண்டாம். குறைந்த கதிரளவு முழு உடல் சிடி, எம்ஆர்ஐ, எஃப்டிஜி பெட் ஆகியவற்றில் ஒன்று.

சிகிச்சை தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் எடுக்கும் போன் ஸ்கேன் பலரை ஏமாற்றிவிடுகிறது. மருந்து நன்றாக வேலை செய்து எலும்பு ஆறத் தொடங்கும்போது, புது எலும்பு வேகமாகப் படியும். பழைய புள்ளிகள் இன்னும் கறுக்கும், முன்பு தெரியாத இடங்களும் தலைகாட்டும். இதை ஃப்ளேர் என்பார்கள். வலி குறைந்திருக்கிறது, பிஎஸ்ஏ இறங்கியிருக்கிறது, ஸ்கேன் மட்டும் மோசம் என்றால் நல்ல மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ப்ராஸ்டேட்டில் இதற்கு ஒரு விதியே இருக்கிறது. சிகிச்சைக்குப் பின் எடுக்கும் முதல் ஸ்கேனில் புதிதாக இரண்டு புள்ளி வந்தால் பொறுத்திருந்து, அடுத்த ஸ்கேனில் மேலும் இரண்டு புதியவை வந்தால்தான் நோய் வளர்ந்ததாக எடுத்துக்கொள்வார்கள்.

பணத்துக்கு வருவோம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பம் என்றால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையோடு மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்கு முதலில் போங்கள். ஸ்கேன் எடுத்துவிட்டு ரசீதைக் கொண்டுபோனால் கிடைக்காது, முன் அனுமதி வேண்டும். கருவுற்றிருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ, பால் கொடுக்கும் தாய் என்றாலோ நாள் வாங்கும்போதே சொல்லுங்கள். ஸ்கேன் முடிந்து திரும்பும் அன்று கைக்குழந்தையை மடியில் வைத்திருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். பஸ்ஸில் மற்றவர்களோடு வருவதில் தடையில்லை.

போகும்போது பழைய எக்ஸ்ரே, சிடி, ஸ்கேன் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, படம் பதிந்த டிஸ்க் வேண்டும். வரும்போது புது டிஸ்க்கையும் கேட்டு வாங்கி, ஊசி போட்ட தேதி, மருந்தின் பெயர், மில்லிக்யூரி அளவு மூன்றையும் அதன் உறையில் எழுதி வையுங்கள். அடுத்த ஸ்கேனையும் முடிந்தவரை அதே மையத்தில், அதே மருந்தில் எடுங்கள். சேலத்தில் எடுத்த போன் ஸ்கேனையும் கோவையில் எடுத்த பெட்டையும் பக்கத்தில் வைத்து, புள்ளி கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.